எந்தப் பக்கம் திருப்புவது?

மொட்டை மாடியில் சிமெண்ட் தூண் எழும்பி நின்றது. அதன் தலையில் உட்கார வேண்டியது மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

ராஜபாளையத்தில் அந்தத் தெருவே இதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அண்ணாந்து பார்த்து, "என்ன சுபேதாரய்யா, கொடி ஏத்தப் போறீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சிவனாண்டி பதில் சொல்வதில்லை. மனிதர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிவிட்டது. மீசைதான் இன்னும் ஓய்வு பெறவில்லை. அதை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு உள்ளே போய்விடுவார்.

டிஷ் ஆன்டெனா வாங்கும் யோசனையே அவருடையதுதான். அதுவும் தனக்காக இல்லை, மருமகள் முத்துப்பேச்சிக்காக. ஒரே மகன் மாரிசாமி ஐ.நா. படையோடு சோமாலியாவுக்குப் போனதிலிருந்து அந்தப் பெண் ஓரிடத்தில் உட்காருவதில்லை. அடுப்படியில் இருப்பாள், அடுத்த நிமிஷம் வாசலில் நிற்பாள். துவைத்த துணியையே எடுத்து மறுபடி துவைப்பாள்.

"பாட்டு, படம்னு ஏதாச்சும் ஓடிக்கிட்டே இருந்தா பிள்ள முகம் தெளியும். தீபாவளிக்குள்ள மாட்டிப்பிடணும்" என்று மனைவி வெள்ளத்தாயிடம் சொல்லியிருந்தார்.

அந்த முகம் வாடியதில் தனக்கும் பங்கு உண்டு என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. சென்ற வாரம் சாமான் அறையில், டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிக்கொண்டு செய்தி கேட்டுக்கொண்டிருந்தவளை அவர் கண்டுபிடித்தார். திட்டவில்லை. பேட்டரிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த வீட்டில் அது சட்டம். செய்தி நேரம் வந்தால் ரேடியோவும் அணைய வேண்டும், டி.வி.யும் அணைய வேண்டும்.

"பட்டாளத்தான் வீட்டுக்குச் செய்தி வாசல் வழியாத்தான் வரணும். தபால்காரன் கொண்டாரணும். காத்துல வாரதையெல்லாம் வீட்டுக்குள்ள விடக் கூடாது" என்பார். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டார். வெள்ளத்தாயும் பேச்சை மாற்றிவிடுவாள்.

இந்த மாதமோ தபால்காரரும் அந்த வாசலை எட்டிப் பார்க்கவில்லை.

இந்த நிலைமையில் டிஷ்ஷில் ஒரு வில்லங்கம் முளைத்திருந்தது. ஒரே இடத்தில் பொருத்துகிற டிஷ் என்றால் வானத்தில் ஒரு சாட்டிலைட்டைத்தான் பார்க்கும். தமிழ் சேனல் ஒரு சாட்டிலைட்டில் இருந்தது. நாள் முழுக்கச் செய்தி சொல்லும் இங்கிலீஷ் சேனல் இன்னொன்றில் இருந்தது. இதைப் பார்த்தால் அது கிடையாது.

சிவனாண்டி தமிழ் என்று எப்போதோ தீர்த்துவிட்டார். முத்துப்பேச்சியை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் பிளஸ் டூ வரை படித்த அந்தப் பெண்ணுக்குத் தெரியும், சோமாலியா என்ற பெயர் எந்தப் பக்கத்தில் கேட்கும் என்று.

"நேர்ல பாத்துத்தான் வாங்கணும். ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றார் காலையில். மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னலோரம் கிடைத்தும் முத்துப்பேச்சி வெளியே பார்க்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக ஊர் வந்து சேர்ந்தாள்.

தேரடிக்குப் பக்கத்தில் வேங்கடேசனின் கடை. பின்கட்டில் டிஷ்கள் சுவரில் சாய்ந்து நின்றன. சிவனாண்டி சந்தையில் மாடு பிடிக்கிறவர் போல ஒவ்வொன்றையும் சுற்றி வந்தார். முன்னால் பார்த்தார், பின்னால் போய்க் குனிந்து பார்த்தார், விரலை மடக்கித் தட்டிச் சத்தம் கேட்டார். பல் இருந்திருந்தால் அதையும் பிடித்துப் பார்த்திருப்பார்.

"இது எட்டடி. ஃபைபர். அங்க நிக்கிறது பன்னெண்டு அடி, கம்பி வலை போட்டது. எம்புட்டுக் காத்தடிச்சாலும் உள்ள பூந்து வெளிய போயிரும், ஆட்டாது" என்றான் வேங்கடேசன்.

"காக்கா வந்து ஒக்காருமா?"

"ஒக்காருந்தான்யா."

அந்த நேர்மை சிவனாண்டிக்குப் பிடித்துவிட்டது.

"எட்டடியே போதும். அம்புட்டுப் பெருசை வச்சா மாடில வத்தல் காயப்போட எடம் இருக்காது."

"எட்டடிக்குப் படம் வரும், ஆனா புள்ளி புள்ளியா விழும். மேகம் கூடிட்டா இன்னும் மோசம். பெருசுன்னா பளிச்சுனு இருக்கும்யா."

"பாட்டுக் கேக்கத்தான தம்பி வாங்குதோம்? புள்ளி விழுந்தா விழட்டும்."

"இன்னொண்ணும் சொல்லிருதேன். மோட்டார் வச்சுட்டா ரெண்டு பக்கமும் திருப்பிக்கிடலாம். மெட்ராஸ்ல இருந்து வரணும், தீபாவளி தாண்டிரும்."

"மோட்டாரே வேண்டாம். நெனச்ச நேரம் நெனச்ச பக்கம் தலையைத் திருப்புறது குடும்பத்துக்கு ஆகாது. ஒரே பக்கம் பாத்து நிக்கணும்."

டிஷ்ஷைப் பற்றித்தான் சொன்னார். ஆனாலும் முத்துப்பேச்சிக்குச் சுருக்கென்றது. அதுவே அவளுக்குத் துணிச்சலையும் கொடுத்தது.

"மாமா, அந்த இங்கிலீசுப் பக்கம் என்னெல்லாம் வருதுன்னு ஒரு தடவ..."

"அது நமக்கு எதுக்கு தாயி? வெள்ளைக்காரன் வாயப் பாத்துக்கிட்டு ஒக்காரவா?"

வேங்கடேசன் வியாபாரி, ஒரு வீட்டில் இரண்டு மனசு இருப்பது அவன் கண்ணுக்குத் தப்பவில்லை.

"ஐயா, அவசரப்பட வேண்டாம். வக்கீல் அழகியமணவாளன் சார் வீட்டுல போன மாசம் மாட்டினேன். பக்கத்துலதான், தெற்கு ரத வீதி. நான் போன் பண்ணிச் சொல்லுதேன். ஓடுறதப் பாத்துட்டு வாங்க, பொறவு பேசுவோம்."

வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அவர் மனைவி சௌந்தரவல்லி வாசலுக்கே வந்து அழைத்தாள்.

"வாங்கோ, வேங்கடேசன் சொன்னான். உக்காருங்கோ. எங்காத்துல இங்கிலீஷ் பக்கம்தான் திருப்பி வெச்சிருக்கு. அவருக்குக் கிரிக்கெட்டும் செய்தியும் இருந்தாப் போறும். எனக்குத்தான் ஒண்ணும் கிடையாது" என்று சிரித்துக்கொண்டே டி.வி.யைப் போட்டாள்.

ஏதோ பந்தய மைதானம் வந்தது. பிறகு சமையல் வந்தது. சிவனாண்டி படத்தின் பளிச்சைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சௌந்தரவல்லி அடுத்த சேனலை அழுத்தினாள்.

கழுத்துப்பட்டை கட்டிய ஒருவன் வேகமாக இங்கிலீஷில் பேசினான். அவன் தோளுக்கு மேலே ஒரு வரைபடம். அவன் சொன்னதில் முத்துப்பேச்சிக்குப் புரிந்தது ஒரே வார்த்தை. சோமாலியா.

அவள் எழுந்துவிட்டாள்.

மணல். புகைந்துகொண்டிருந்த ஒரு லாரி. ஐ.நா. படையின் நீலத் தொப்பி போட்டவர்கள் யாரையோ தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்தியர்கள் என்று அவன் சொன்னது போலிருந்தது. ஓடியவர்களில் ஒருவன் திரும்பினான்.

திரை இருண்டது.

சிவனாண்டி டி.வி.க்குப் பக்கத்தில் நின்றார். கை இன்னும் சுவிட்சில் இருந்தது. அடுத்தவர் வீட்டு டி.வி.யை, அதுவும் வக்கீல் வீட்டு டி.வி.யை, கேட்காமல் கொள்ளாமல் போய் அணைத்த விருந்தாளி ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். சௌந்தரவல்லிக்குக் கோபப்படுவதா, பயப்படுவதா என்றே தெரியவில்லை.

"போடுங்க மாமா" என்றாள் முத்துப்பேச்சி.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"அதுல அவிய இருக்காகளா இல்லையான்னு பாத்திருப்பேன். செத்த நேரம் விட்டிருந்தா என்ன?"

"செய்தி வாசல் வழியா வரும்."

"எப்ப வரும்? நான் வாசல்லயேதான நிக்கேன்! காலையில நிக்கேன், மத்தியானம் நிக்கேன். என்ன வந்துச்சு?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் மாமனாரிடம் குரல் உயர்த்தியதில்லை. இப்போது உயர்த்தினாள். கோபத்தில் பாதி, பயத்தில் பாதி. சிவனாண்டி செருப்பை மாட்டினார்.

"நான் கடைக்குப் போய் எட்டடி, தமிழ்ப் பக்கம்னு சொல்லிருதேன். நீங்க தேரடிக்கு வந்துருங்க" என்று தெருவைப் பார்த்தே சொல்லிவிட்டு நடந்தார்.

வெள்ளத்தாய் சௌந்தரவல்லியிடம் என்னவோ சமாதானம் சொல்லிவிட்டு மருமகளை அழைத்துக்கொண்டு வந்தாள். தேரடியில் பால்கோவாக் கடைக்காரர்கள் பாலைச் சுண்டக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். முத்துப்பேச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒக்காருட்டி."

"நான் ஒக்காரல அத்தை."

"ஒக்காரு. ஒனக்கு ஒண்ணு சொல்லணும். இம்புட்டு நாளு வெளிய சொன்னதில்ல."

தேர் நின்ற நிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள்.

"எழுவத்தொண்ணு சண்டை. ஒம் புருசன் என் இடுப்புல கைப்பிள்ள. ஏதோ நாட்டு ரேடியோல செத்தவங்க பேரு வாசிச்சானாம். அதுல ராமநாதபுரம் ஜில்லா சிவனாண்டின்னு வந்துச்சுன்னு பக்கத்துத் தெருக்காரன் ஒருத்தன் ஓடியாந்து சொன்னான். அப்ப நம்ம ஊரும் அந்த ஜில்லாதான. தந்தி வரட்டும்னு எங்கய்யா கத்துனாரு. ஒங்க மாமாவோட அப்பா கேக்கல. ரேடியோக்காரன் பொய்யா சொல்லுவான்னு கேட்டாரு."

"பொறவு?"

"பதினாறாம் நாளு கழட்டிட்டாக."

முத்துப்பேச்சிக்கு முதலில் விளங்கவில்லை. அத்தையின் கை கழுத்துக்குப் போன பிறகுதான் விளங்கியது. அவள் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சண்டை முடிஞ்சு லீவுல வந்து நிக்காக. எனக்குன்னு கண்ணாடி வளையல் வாங்கிட்டு வந்திருக்காக. நான் வெள்ளச் சீலையோட போய்க் கதவத் தெறக்கேன்."

வெள்ளத்தாய் அழவில்லை. அழுது தீர்ந்த விஷயம் அது.

"மறுநாளே இந்த ஊரு மாரியம்மன் கோயில்ல வச்சு மறுதாலி கட்டுனாக. தன் கருமாதி நடந்த வீட்டுக்குள்ள தானே நடந்து வந்த மனுசன்ட்டி அவிய. அன்னையில இருந்து செய்தின்னாலே அவியளுக்கு ஆகாது. அதான் அமத்திருதாக. ஒம்மேல கோவத்துல இல்ல."

முத்துப்பேச்சியின் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனால் பயம் அங்கேயே இருந்தது.

"அப்ப மாமா செய்யிறது சரிதானா அத்தை? நாம ஒண்ணும் தெரியாமலே இருக்கணுமா?"



"நானும் சரின்னுதான் இருந்தேன். இன்னைக்கு அந்த அம்மா வீட்டுல படத்தப் பாத்ததும் ஒண்ணு தோணிச்சு. அன்னைக்கு ரேடியோக்காரன் பேரத்தான வாசிச்சான்? மூஞ்சியக் காட்டலயே. காட்டியிருந்தா, 'இது வேற சிவனாண்டி, எம் புருசன் இல்ல'ன்னு சொல்லியிருப்பேன்ல? என் கழுத்துல கை வைக்க விட்டிருப்பேனா?"

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். சேலையை உதறினாள். கடையைப் பார்த்து அவள் நடந்த நடையில் முத்துப்பேச்சி ஓட வேண்டியிருந்தது.

கடையில் சிவனாண்டி சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தார். வேங்கடேசன் எட்டடி டிஷ்ஷைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இங்கிலீசுப் பக்கமே திருப்பி வைங்க" என்றாள் வெள்ளத்தாய்.

சிவனாண்டி திரும்பினார். "ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? இங்கிலீசு என்ன வெளங்கும் ஒனக்கு?"

"எம் மவன் மூஞ்சி வெளங்கும்."

கடையில் பல்பு வாங்க வந்திருந்த ஒருவர் மீதியைக்கூட வாங்காமல் நழுவிவிட்டார். வேங்கடேசன் எந்த வயரையோ குனிந்து தேட ஆரம்பித்தான்.

"பிள்ளைக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றாள் வெள்ளத்தாய். "அன்னைக்குக் காதால கேட்டுக் கெட்டோம். இப்பக் கண்ணால பாக்கேன்னு சொல்லுதேன். அதையும் அமத்துவீகளா?"

சிவனாண்டியின் முகத்தில் கோபம் வந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. அவர் மருமகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்தினார்.

"அதுல அவன் வேற மாதிரி கெடந்தா? அதப் பாக்கவா இத வாங்குதோம்?"

"அப்படின்னாலும் நாமதான் பாக்கணும். அடுத்த தெருக்காரன் வந்து சொல்லக் கூடாது."

இத்தனை வருஷமாக அவர் காத்து வந்த சட்டத்துக்கு இப்படி ஒரு பதில் உண்டு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றினார்.

"தம்பி."

"சொல்லுங்கய்யா."

"எட்டடி வேண்டாம். பெருசே குடுங்க. புள்ளி விழக் கூடாது."

"எந்தப் பக்கம்யா?"

"அதான் சொல்லிட்டாள்லா?"

முத்துப்பேச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழுகிற நேரம் அவளுக்கு இல்லை. "என்னைக்கு வந்து மாட்டுவீக?" என்று வேங்கடேசனிடம் கேட்டாள்.

"நாளான்னைக்கு ஆளோட வந்துருதேன்க்கா."

நாளான்னைக்கு! அந்த லாரி இப்போது புகைந்துகொண்டிருக்கிறது. திரும்பிய அந்த முகம் இப்போது அவள் கண்ணுக்குள் நிற்கிறது. நாளான்னைக்கு வரை அவள் எதைத் துவைப்பாள்?

வேங்கடேசன் அவள் முகத்தைப் பார்த்தான். "அந்த சேனல்ல மணிக்கு மணி செய்தி உண்டு. பெரிய செய்தின்னா அதே படத்தத் திருப்பித் திருப்பிப் போடுவான்" என்றான் பொதுவாக.

சிவனாண்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இறங்கி நடந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இல்லை, தெற்கு ரத வீதிப் பக்கம்.

சௌந்தரவல்லி கதவைத் திறந்தபோது அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடைக்கு வெளியிலேயே நின்றார்.

"அம்மா, நான் செஞ்சது தப்பு. அந்தப் பெட்டிய இன்னொரு தடவ போட முடியுமா? எம் மவன் அங்கதான் இருக்கான்."

அந்த அம்மாளுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. "ஐயோ, முதல்லயே சொல்லப்படாதோ? உள்ள வாங்கோ, உள்ள வாங்கோ" என்று முத்துப்பேச்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பெண்கள் உட்கார்ந்தார்கள். சிவனாண்டி உட்காரவில்லை. விளம்பரங்கள் வந்தன. ஒரு சோப்பு, ஒரு விமானம், மறுபடி அதே சோப்பு. கல்யாணத்துக்குப் பிறகு முத்துப்பேச்சி மாரிசாமியோடு இருந்தது ஒரே ஒரு லீவு. நீலத் தொப்பியோடு, புகைக்கு நடுவில் பார்த்தால் தன் புருஷனைத் தன்னால் அடையாளம் சொல்ல முடியுமா? அந்தச் சந்தேகம் அவளைப் பிடுங்கித் தின்றது.

கழுத்துப்பட்டைக்காரன் வந்தான். வரைபடம் வந்தது. மணல் வந்தது.

எம் மவன் மூஞ்சி வெளங்கும் என்று கடையில் முழங்கிய வெள்ளத்தாய், கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நீங்க பாருங்க" என்றாள். "எனக்கு முடியல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

சிவனாண்டி திரைக்கு நெருங்கினார். அணிவகுப்பில் ஆள் பார்க்கிறவர் போல விறைத்து நின்றார். தூக்கிக்கொண்டு ஓடியவர்களைக் காமிரா பின்தொடர்ந்தது. ஒருவன் திரும்பினான்.

"அவன் இல்ல" என்றார்.

அவர்கள் தூக்கிப் போன ஆளின் முகம் ஒரு கணம் தெரிந்தது.

"அவன் இல்ல. எந்தப் பெத்த வயிறோ... அவன் இல்ல."

வெள்ளத்தாய் மூடிய கண்ணோடு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். லாரிக்குப் பக்கத்தில் சிலர் நின்றார்கள். காமிரா அவர்கள் முகங்களின் மேல் மெதுவாக நகர்ந்தது.

"இல்ல. இவனும் இல்ல. இது சர்தார்."

கடைசியில் டயரில் சாய்ந்து ஒருவன் உட்கார்ந்திருந்தான். தலையில் கட்டு, அது ஒரு கண்ணையும் மறைத்திருந்தது. யாரோ அவன் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள்.

சிவனாண்டி ஒன்றும் சொல்லவில்லை.

"சொல்லுங்க" என்றாள் வெள்ளத்தாய்.

படம் மாறிவிட்டது. வேறு ஏதோ ஒரு நாட்டில் மழை பெய்துகொண்டிருந்தது. மக்கள் குடை பிடித்துப் போனார்கள். சிவனாண்டி அந்த மழையையே பார்த்துக்கொண்டு நின்றார். "தண்ணி குடிச்சான்" என்றார் கடைசியில்.

முத்துப்பேச்சி எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, அவியதானா?"